மலையிறங்கிய பாசிகள்

சின்னவளுக்கு வேலை பாசி பார்ப்பது. வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் பிறந்த அன்றே சின்னவள் ஆனாள். முப்பத்து நாலு வயதாகி, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, தாவர ஆய்வகத்தின் மூன்றாவது மாடியில் ஜன்னலோர மேசையும் நுண்ணோக்கியும் கிடைத்த பிறகும் சின்னவள்தான். "பாசியில போய் என்னம்மா ஆராய்ச்சி? வழுக்கி விழுறதுக்குத்தானே அது இருக்கு?" என்று கேட்காத சொந்தக்காரர் ஒருவர்கூடப் பாக்கி இல்லை.

ஒரே ஒருவர் மட்டும் அப்படிக் கேட்டதில்லை. அவள் அம்மாவின் ஒரே தம்பி, மாமா. ஏனென்றால் அவரே பாசி சேகரித்தவர். நாற்பத்தொரு வருடங்களுக்கு முன், இதே ஆய்வகத்தில் கள உதவியாளராகச் சேர்ந்த புதிதில், ஊருக்கு வடக்கே இருக்கும் பெரிய மலையில் எந்தச் செடி எந்த உயரத்தில் முளைக்கிறது என்று ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மரத்துக்கு ஒருவர், பெரணிக்கு ஒருவர், புதருக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுத்ததில் மாமாவுக்குப் பாசி வந்தது. இரண்டு வருடம், மாதத்துக்கு மூன்று நாள். அந்த மலையேற்றத்தைப் பற்றி அவர் பேசாத கல்யாணம் கிடையாது. செங்குத்துப் பாறை, கழுத்துவரை மேகம், எதிரே வந்து நின்ற கரடி. எட்டடி என்று ஆரம்பித்த கரடி, சின்னவள் கல்லூரி முடிப்பதற்குள் பதினோரு அடிக்கு வளர்ந்திருந்தது. "உங்க மாமா மறுபடியும் கரடி விடுறாரு" என்று அத்தை சொல்லிக்கொண்டே காபி தம்ளர்களை எடுத்துப் போவாள்.

இப்போது சின்னவள் செய்துகொண்டிருந்தது அதே கணக்கெடுப்பை மறுபடி எடுக்கும் வேலை. மலை அதே மலை. நடுவில் சூடு ஏறியிருக்கிறது. செடிகள் என்ன செய்தன? மரம், பெரணி, புதர் மூன்றும் சொன்ன பதில் ஒன்றேதான்: சராசரியாக எண்பது தொண்ணூறு மீட்டர் மேலே ஏறியிருந்தன. செடிக்குக் கால் கிடையாது. கீழே விழுந்த விதை காய்ந்து போகிறது, மேலே விழுந்தது பிழைத்துக்கொள்கிறது. இப்படியே நாற்பது வருடம் போனால் காடே ஒரு படி தள்ளி உட்கார்ந்திருக்கும்.

பாசி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மாமா சேகரித்த ஒன்பது வகைப் பாசிகள் அன்றைக்கு இரண்டாயிரம் மீட்டரை ஒட்டி இருந்ததாக உறைகளில் எழுதியிருந்தது. சின்னவள் இரண்டாயிரத்தில் மண்டியிட்டு, கவிழ்ந்து படுத்து, கன்னத்தில் சேறு அப்பத் தேடிவிட்டாள். ஒன்றுகூட இல்லை. அத்தனையும் ஆயிரத்து எழுநூறில் செழிப்பாக இருந்தன. அதாவது, ஊர் உலகமெல்லாம் சூட்டுக்குப் பயந்து மேலே ஓடும்போது, இவை முந்நூறு மீட்டர் கீழே இறங்கியிருந்தன.

ஆய்வக இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு ஆய்வகத்தில் 'தலைப்பு சார்' என்று பெயர். ஆய்வு முடியுமுன் அதற்குத் தலைப்பு வைத்துவிடுவார்.

"மலையிறங்கும் பாசிகள்! எப்படி இருக்கு?" என்றார்.

"காரணம் தெரியலையே சார்."

"ஏன் தெரியாம? பாசிக்கு வேர் இல்லை. இலையாலதான் தண்ணி குடிக்கும். மேகம் கலைஞ்சு மேல காய்ஞ்சு போச்சு, ஓடைப் பள்ளத்துல ஈரம் இருக்கு, ஈரத்தைத் தேடி இறங்கிடுச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டுட்டேன்."

அவர் சொன்னது நடக்கவே முடியாத விஷயமும் இல்லை. சில செடிகள் குளிர்ச்சியை விட்டுவிட்டு ஈரத்தைத் துரத்துவது உண்டு. அதனால்தான் சின்னவளால் மறுத்துப் பேசவும் முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் அவள் ஆள் இல்லாத ஆய்வகத்துக்குப் போய், இருப்பறையிலிருந்து மாமாவின் உறைகளை எடுத்து மேசையில் பரப்பினாள். மொத்தம் இருபத்து மூன்று. பாசியை மற்றச் செடிபோல அட்டையில் ஒட்ட மாட்டார்கள். காகிதத்தை உறையாக மடித்து உள்ளே போட்டு, மேலே தேதி, இடம், உயரம், சேகரித்தவர் பெயர் எழுதி வைப்பார்கள். மாமாவின் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. மலைச்சரிவில் பாறைமேல் உட்கார்ந்து எழுதியவருக்கு இவ்வளவு நேரான வரி எப்படி வந்தது என்று முதல் சந்தேகம் தட்டியது.

உறையைத் திறந்து ஒரு துணுக்கை எடுத்துத் தட்டில் வைத்துச் சொட்டுத் தண்ணீர் விட்டாள். நாற்பத்தொரு வருடம் காய்ந்து கிடந்தது, ஒரு நிமிடத்தில் சோம்பல் முறித்து, இலை விரித்து, பச்சையாக நின்றது. உயிர் வந்ததாக அர்த்தமில்லை. ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் புல்லரிக்கும். அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை நுண்ணோக்கியில் வைத்தாள்.

அடிப்பக்கம் தரைபோலத் தட்டையாக இருந்தது. அதில் வெள்ளை வெள்ளையாகச் செதில்கள். இடுக்கியால் ஒன்றை எடுத்து அமிலம் விட்டாள். நுரைத்தது.

சுண்ணாம்பு. அதுவும் பூச்சு பூச்சாக, நாலு தடவை அடித்த வெள்ளை.

இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில், கரடி நடமாடும் காட்டில், யார் போய்ச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள்?

*

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு முதல் மாடிக் கூடத்தில் அந்தப் பழைய புகைப்படத்துக்குக் கீழேயே உட்கார்ந்தாள். கையில் தடி, ஒரு கால் பாறைமேல், பார்வை தொலைவில்: இருபத்தைந்து வயது மாமா.

"மாமா, அந்தப் பாசியெல்லாம் எங்க எடுத்தீங்க?"

"உச்சிக்குக் கொஞ்சம் கீழம்மா. சாதாரண ஆளு போக முடியாது. அன்னிக்கு நான் போறேன், எதிர்ல..."

"கரடி வந்துச்சு. தெரியும் மாமா. அங்க சுவர் ஏதாவது இருந்துச்சா?"

"சுவரா? காட்டுல ஏது சுவரு?"

"பாசிக்கு அடியில சுண்ணாம்பு ஒட்டியிருக்கு."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது... பறவை எச்சமா இருக்கும்."

"எச்சத்துக்கு நாலு கோட்டிங் அடிப்பாங்களா?"

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாம் சந்தேகம்! அந்த மலையில நான் சிந்தின வேர்வை..." மாமாவின் குரல் ஏறியது. சமையலறை வாசலில் நின்ற அத்தை உள்ளே போனாள். அலமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது.

"கண்ணு, அந்த உறையில தேதி போட்டிருக்குமா?"

"போட்டிருக்கு அத்தை. கைபேசியில படம் எடுத்து வச்சிருக்கேன்."

"ஒண்ணு சொல்லு."

"மார்ச் பன்னிரண்டு. உயரம் ரெண்டாயிரத்துப் பத்து."

அத்தை டப்பாவிலிருந்து நீலக் கடிதங்களைப் புரட்டி ஒன்றை உருவினாள். மாமா பாதி எழுந்தார். "அதை எதுக்கு இப்ப எடுக்கிறே? அது நமக்குள்ள..."

"கல்யாணமாகி நாலு மாசம். மலையிலிருந்து எனக்குத் தினம் ஒரு லெட்டர் போடுவாரு" என்றாள் அத்தை, கண்ணாடியை மாட்டிக்கொண்டே. பிறகு வாசித்தாள். "மார்ச் பன்னிரண்டு. அன்புள்ளவளுக்கு, வந்த நாளிலிருந்து ஓய்வு விடுதி வராந்தாவை விட்டு ஓரடி நான் நகரவில்லை. மலை எதிரே நிற்கிறது. ஏறத் தோன்றவில்லை. கால் இங்கே இருந்தாலும் மனம் உன் வாசலில் உட்கார்ந்திருக்கிறது."

சின்னவள் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடுத்த தேதி சொல்லு."

"ஏப்ரல் ஒன்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது மீட்டர்."

"ஏப்ரல் ஒன்பது. காலையிலிருந்து வாச்மேனோடு கேரம் ஆடினேன். பதினோரு ஆட்டத்தில் ஒன்பது ஜெயித்தேன். ஆனால் நீ இல்லாமல் ஜெயித்து என்ன?" அத்தை கடிதத்தை மடித்தாள். "இப்ப சொல்லுங்க. ஆபீஸுக்குப் பொய் சொன்னீங்களா, எனக்குப் பொய் சொன்னீங்களா?"

மாமா மனைவியைப் பார்த்தார், அக்கா மகளைப் பார்த்தார், புகைப்படத்தை நிமிர்ந்து பார்த்தார். அங்கிருந்தும் உதவி வரவில்லை. முப்பத்தைந்து வருட உத்தியோகம் ஒரு பக்கம், நாற்பத்தொரு வருடச் சோறு ஒரு பக்கம்.

"உனக்கு நான் எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா?" என்றார் ஈனக் குரலில்.

அத்தையின் முகத்தில் ஒரு கணம் புதுப்பெண் வந்து போனாள். "அப்ப ஆபீஸுக்குத்தான். எழுதிக்கோ கண்ணு."

"எழுதறது இருக்கட்டும் அத்தை" என்றாள் சின்னவள். "மாமா, உண்மையா எங்க எடுத்தீங்க?"

"விடுதிக்குப் பின்னாடி" என்றார் மாமா. "எல்லாமே ஒரு நூறு அடிக்குள்ள."

விடுதி இருந்தது ஆயிரத்து நானூறு மீட்டரில். சின்னவள் மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். அன்று ஆயிரத்து நானூறு. இன்று ஆயிரத்து எழுநூறு. பாசி இறங்கவில்லை, ஏறியிருந்தது.

"மாமா, நாளைக்கு மலைக்குப் போறோம்."

"யாரு?"

"மூணு பேரும்" என்றாள் அத்தை.

*

விடுதிக்கு இப்போது நீலப் பெயின்ட் அடித்து, மலைக்கு வருகிறவர்களின் கழிப்பறையாகவும் வனக் காவலர்களின் சாமான் அறையாகவும் ஆக்கியிருந்தார்கள். பின்பக்கத்தை யாரும் தொடவில்லை. காரை விட்டு இறங்கியதும் அத்தை நேராக ஒரு கல்லருகே போய் நின்றாள்.

"ஏங்க, போட்டோவுல கால் வச்சிருக்கிற பாறை இதுதானே?"

அது துணி துவைக்கிற கல். மாமா கேட்காததுபோல முன்னால் நடந்தார்.

ஆனால் சுவரருகே வந்ததும் அவர் வேறு ஆளாகிவிட்டார். சின்னவள் உறை எண்ணையும் பாசியின் அடையாளத்தையும் சொல்லச் சொல்ல, ஒரு நொடி யோசிக்காமல் கை நீட்டினார். "அது தண்ணித் தொட்டிக்கு அடியில, வடக்கு மூலை. இது குழாய் ஒழுகற இடத்துல. நட்சத்திரம் மாதிரி விரியுமே, அது ஓடைக்கரைக் கல்லுல, மூணாவது கல்லு. தொங்குற வகை, அந்த மரத்துல இடுப்பு உயரம்." இருபத்து மூன்றுக்கும் இருபத்து மூன்று இடம். ஒரு நேர்மையான ஆள் மலை முழுக்க அலைந்திருந்தால் இத்தனை துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. சோம்பேறித்தனத்தின் தயவால், அந்த மலையிலேயே பாசிக் கணக்கு மிக நன்றாகத் தெரிந்த நூறு அடி இதுதான் என்று சின்னவளுக்குப் புரிந்தது. அளவுநாடாவும் குறிப்பேடுமாக அவள் பின்னாலேயே ஓடினாள்.

ஒவ்வொரு இடமாகப் பார்த்தார்கள். தொட்டிக்கு அடியில் காய்ந்த மண். மூன்றாவது கல்லில் வெயில். மரத்தில் இடுப்பு உயரத்தில் வெறும் பட்டை, அதில் கைப்பிடி அளவு ஏதோ களைக்கொடி. குழாய் ஒழுகும் இடத்தில் மட்டும் ஒரு வகை, ஓரம் பழுப்பேறி, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. ஓடைக்குள் நிழலில் இன்னொரு வகை. ஒன்பதில் மிச்சம் அந்த இரண்டுதான்.

மாமா சுவரைத் தடவினார். காரை பொடியாக உதிர்ந்தது.

"இங்க மெத்தை மாதிரி இருக்கும்மா. கையை வச்சா மணிக்கட்டு வரைக்கும் உள்ள போகும். மத்தியானத்துல தலை வச்சுப் படுத்திருக்கேன். சட்டையெல்லாம் நனைஞ்சுடும். எங்க போச்சு? வெயில்ல காய்ஞ்சிடுச்சா?"

"காய்ஞ்சா அதுக்கு ஒண்ணும் ஆகாது மாமா. சுருண்டுக்கிட்டு மழைக்குக் காத்திருக்கும். ஈரமா இருக்கும்போது சூடு அடிச்சாத்தான் வினை. அதுவும் ராத்திரியில. வெளிச்சம் இல்லாததால சாப்பாடு தயாரிக்க முடியாது, ஆனா சூட்டுக்கு மூச்சு வேகமா வாங்கும். பகல்ல சேர்த்ததை ராத்திரியிலயே தின்னு தீர்த்துடும். இந்த உயரத்துல இப்ப ராத்திரியெல்லாம் அப்படித்தான்."

மாமா உதிர்ந்த காரையை விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "முதல் தடவை ஏறினேன்மா. நிஜமா ஏறினேன். பாதியில மேகம் இறங்கிடுச்சு. நீட்டின கை தெரியலை. ரெண்டு மணி நேரம் ஒரே மரத்தைச் சுத்திச் சுத்தி வந்திருக்கேன். முன்னாடி கரேல்னு ஒண்ணு நின்னுச்சு. கரடின்னு நினைச்சு உட்கார்ந்து அழுதேன். மேகம் விலகினப்புறம் பார்த்தா, கரிஞ்ச அடிமரம்." மூக்கை உறிஞ்சினார். "அதுக்கப்புறம் ஏறலை. ஆபீஸ்ல சொல்ல வெட்கமா இருந்துச்சு."

கேலிக்கென்றே பிறந்த வாய் அத்தைக்கு. அன்று அதற்கு வேலை கொடுக்காமல், கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து கொடுத்தாள்.

தண்ணீர் குடித்ததும் மாமாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. திருத்தக் கடிதம் எழுதித் தரவேண்டும் என்று சின்னவள் சொன்னதும், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேரம் பேச ஆரம்பித்தார்.

"உயரம் காட்டுற கருவியில கோளாறுன்னு எழுதிடுவோம்."

"கருவி எங்க இருந்துச்சு மாமா?"

"விடுதி மேசையில."

"எவ்வளவு காட்டுச்சு?"

"ஆயிரத்து நானூறு."

"சரியாத்தானே காட்டியிருக்கு, பாவம்."

"அப்ப உடல்நிலை காரணமான்னு போடு."

"பதினோரு ஆட்டத்துல ஒன்பது ஜெயிச்ச உடம்புக்கு என்ன வந்துச்சாம்?" என்றாள் அத்தை.

முக்கால் மணி நேர இழுபறிக்குப் பிறகு வாசகம் முடிவானது: 'மேற்படி இருபத்து மூன்று மாதிரிகளும் ஓய்வு விடுதி வளாகத்தில் சேகரிக்கப்பட்டவை. சேகரித்தவர் அதற்கு மேல் செல்லவில்லை.' மாமா அதைப் படித்து, 'செல்லவில்லை' என்பதை அடித்து, 'செல்ல வாய்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சின்னவள் விட்டுக்கொடுத்தாள்.

"சரி, அது இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டாள் அத்தை.

"மேல, ஆயிரத்து எழுநூறுல. ரெண்டு மணி நேர ஏத்தம் அத்தை."

"போலாம் வா."

"நீயா? உனக்கு அறுபத்து மூணு வயசு!" என்று மாமா பதறினார்.

"உங்களுக்கு அன்னிக்கு இருபத்தஞ்சுதானே?" அத்தை செருப்பைக் கழற்றி, காரில் கிடந்த சின்னவளின் பழைய காலணியை மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டினாள். மாமாவைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் ஏறினார்கள்.

அத்தை நிதானமாக ஏறினாள். முப்பது அடிக்கு ஒரு தரம் நின்று, மூச்சு வாங்கி, மாமாவைத் திட்டிவிட்டு மறுபடி ஏறினாள். ஆயிரத்து அறுநூறு தாண்டியதும் காற்று மாறியது. மரங்களின் உடம்பெல்லாம் பச்சை போர்த்தியிருந்தது; கிளைகளிலிருந்து தாடிதாடியாகத் தொங்கி, நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பாறை முழுக்க மெத்தை. அத்தை விரல்களை விரித்து மெல்ல அழுத்தினாள். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஜில்லுனு இருக்குடி" என்றாள். பிறகு, "இன்னும் சூடு ஏறினா?"

"இன்னும் கொஞ்சம் மேல போகும்."

"மலை எவ்வளவு உயரம்?"

"ரெண்டாயிரத்து நூத்தம்பது."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல மலை இல்லை அத்தை."

அத்தை கையை வெளியே எடுத்தாள். அழுந்திய இடம் மெதுவாக மேலெழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

*

புதன்கிழமை, கடிதத்தையும் சுண்ணாம்புச் செதிலையும் இயக்குநரின் மேசையில் வைத்தாள் சின்னவள். அவர் படித்தார். மறுபடி படித்தார். "செல்ல வாய்க்கவில்லையா?" என்றார். அரை நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். வெளியே இருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகப் பயந்துகொண்டிருந்தபோது, நாலு மணிக்குக் கதவு திறந்தது.

"முந்நூறு மீட்டர் மேல. மரத்தைவிட மூணு மடங்கு வேகம்! வேர் இல்லாததால காத்து மாறினது முதல்ல அதுக்குத்தான் தெரியுது. இது இன்னும் பெரிய செய்தியாச்சே!"

"ஒரே ஒரு இடத்துக் கணக்கு சார். அதையும் சொல்லணும்."

"சொல்லுவோம், சொல்லுவோம். 'மலையேறும் பாசிகள்'. ஒரு வார்த்தைதானே மாத்தணும்?"

வெள்ளிக்கிழமைக் கூட்டம் நடந்தது. ஒரே இடத்துக் கணக்கு என்பதைச் சின்னவளே எழுந்து இரண்டு தடவை சொன்னாள். பத்திரிகைகள் அதை ஒரு தடவையும் போடவில்லை. கட்டுரை அச்சாக எட்டு மாதமானது. அதன் அடிக்குறிப்பில் மாமாவின் கடிதம் முழுதாக வந்தது.

ஒரு நூறு அடி போதாது என்று ஆயிரத்து எழுநூறிலும் அதற்கு மேலும் கீழும் முப்பது இடங்களில் அடையாளக் குச்சி நட்டு, மாதம் ஒரு தடவை பாசியின் ஓரத்தை அளக்க முடிவானது. கூட ஒரு ஆள் வேண்டும் என்று சின்னவள் கேட்ட அன்றே அத்தை சொந்தமாக ஒரு காலணி வாங்கிவிட்டாள். இப்போது அளவு சொல்வது அத்தை, எழுதிக்கொள்வது சின்னவள். கீழ்வரிசைக் குச்சிகளில் ஏழில் பாசி மூன்று விரல் பின்வாங்கியிருப்பதை முதலில் கண்டுபிடித்ததும் அத்தைதான். அந்த ஏழு இடங்களையும் அவள் மறுபடி ஒரு தடவை அளந்து பார்த்தாள்.

போன மாதம், பன்னிரண்டாவது குச்சியருகே இருவரும் முட்டிபோட்டு இருந்தபோது அத்தையின் கைப்பைக்குள் கைபேசி அடித்தது. மாமா.

"ஏய், குக்கர் எத்தனை விசில்?"

அத்தை அளவுகோலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இங்க சரியாக் கேக்கலைங்க. ஒரே மேகமா இருக்கு" என்று கைபேசியை அணைத்து உள்ளே போட்டாள்.

வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"நாலு புள்ளி ரெண்டு" என்றாள் அத்தை. "எழுதிக்கிட்டியா?"